பத்து ஓம்

ஆரியங்காவில் எஸ்டேட் கிளப்பை இடித்தபோது
பில்லியர்ட்ஸ் மேசைக்கு நாலு பேர் போட்டி.
இதைக் கேட்டவன் நான் ஒருவன்.
வைக்கோல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
புளியரையில், நான் வேலை பார்க்கும் எடைமேடையில்
ஆசைக்கு இறக்கி வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்கு எதுவும் தெரியாது.

நாலு பெரிய வால்வு, இரண்டு சின்னது,
குந்தியிருக்கும் கறுப்புப் பூனைகளாய் மூன்று டிரான்ஸ்ஃபார்மர்.
சூடேறினால் தூசியும் மெழுகும் சேர்ந்த வாசனை.

ரஜுலா புனலூர் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.
காலை பஸ்ஸில் வந்திறங்கி
ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுப்பாள்.
எனக்கு மாலை நாலு மணிக்குத்தான் ஷிப்ட்.
வீடோ ஒன்றரை அறை.
தட்டின் மேல் ஊசி விழுந்தாலே புரள்வாள்.
மூன்று வாரம்
ஆன் செய்துவிட்டுப் பாட்டுப் போடாமல்
வால்வுகளின் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஹெட்போன்.
அப்படியே மாட்டக்கூடாது.
சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்
காலி லாரி எஸ் வளைவில் இறங்குவது மாதிரி,
துள்ளும், எதையாவது உடைக்கும்.
அதன் முதுகில் எப்போதும் பாரம் வேண்டும்:
பத்து ஓம், பத்து வாட்,
வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர், பக்கத்துக்கு ஒன்று.
தென்காசிக் கடையில் புதுப் பையன்
“ஹோமத்துக்கா அண்ணாச்சி?” என்றான்.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும்
கெப்பாசிட்டருக்குள் முந்நூற்றுப் பத்து வோல்ட்
பேசாமல் உட்கார்ந்திருக்கும், வட்டிக்காரன் வாசலில் உட்கார்வது போல.
அதை முதலில் அனுப்பிவைத்துவிட்டு
இடது கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வலது கையால் பற்றவைத்தேன்.
ஈயப்புகையைக் கதவிடுக்கில் ஊதினேன்.

முதல் நாள் காதில் மாட்டியதும் பாட்டு இல்லை,
ஒரு லாரி.
இரண்டு காதுக்கும் நடுவே
இன்ஜினை அணைக்காமல் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரி.
ஸ்பீக்கரில் இவ்வளவு நாள் இதைச் சகித்திருக்கிறோம்.

ஹீட்டர் வயர்களை இறுக்கிப் பின்னினேன்.
எர்த் எல்லாவற்றையும் ஒரே போல்ட்டுக்கு இழுத்தேன்.
கூடுதலாய் ஒரு கெப்பாசிட்டர். ஐந்து நாள்.
கடைசியில் லாரி கிளம்பிப் போயிற்று,
ரோடு மட்டும் இருந்தது.

கையில் கிடைத்தது லேபிள் கிழிந்த ஒரு நாதஸ்வரத் தட்டு.
வாசிப்பு நின்ற ஓரிடத்தில்
ஒத்து ஊதுகிறவர்
சுருதி அறுந்துவிடாமல் மூக்கால் மூச்சிழுப்பது கேட்டது.
கன்னம் உப்பியிருக்கும் என்றுகூடத் தெரிந்தது.
திரும்பத் திரும்ப அந்த மூச்சுக்கே ஊசியை வைத்தேன்.

தோளில் கை.
பகல் பதினொன்று. கண் சிவந்து ரஜுலா.
“எந்தா, நிர்த்தியோ?”
எதை?
“அது. அந்த ம்ம்ம்.”
சுவரோரம் ஊமையாகிக் கிடந்த ஸ்பீக்கரைக் காட்டினாள்.
“வார்டில் ஒரு சத்தம் நின்னா
நான் ஓடணும்.”

பின்னிய வயரைப் பிரிக்க மனம் வரவில்லை.
மறுபடி அடித்தகட்டைக் கழற்றினேன்.
ஹீட்டருக்குப் போகும் ஆறே சொச்சம் வோல்ட்டிலிருந்து
ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியே நூலளவு திருடி
அந்த ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன்.
பாட்டு எனக்கு. உறுமல் அவளுக்கு.
சுவிட்ச் ஒன்றே.

சாரல் மாதங்களில் கரண்ட் சொல்லாமல் போகும்.
கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பதைக் கொண்டு
என் காதில் நாதஸ்வரம் இன்னும் இரண்டு நொடி ஓடும்,
தட்டு தளர்ந்து, சுருதி சரிந்து.
அதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.
கண் திறந்திருக்காது.
கால் மட்டும்
தரையில் செருப்பைத் தேடும்.