ஆறாவது நாற்காலி

ரெசிஃபே நகரத்துப் பேருந்துகள்
எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று
வரைகிறவர்கள் நாங்கள். ஐந்து பேர்.
ஐந்து பேரும் காரில் வருகிறோம்.

மே மாத மழை.
கபிபரிபி ஆறு பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்த வாரம்
ஆறாவது நாற்காலிக்கு ஆள் தேடினோம்.
நூற்று நாற்பது விண்ணப்பம்,
சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டு.

ஒடிலோன் சம்பாயோ. எழுத்துத் தேர்வில் தொண்ணூற்று நான்கு.
லிஸ்பனில் வாங்கிய பட்டம்,
கேட்டதற்கு மட்டும் விடை, அதுவும் சுருக்கமாக.
நல்லவன்.
அவனைக் கெட்டவனாக்கிவிட்டால்
இந்தக் கவிதை எனக்கு எளிதாகிவிடும்.

எடிலேனி. எண்பத்தொன்று.
இரவுக் கல்லூரி, இபுரா மேட்டில் வீடு.
மூன்று பேருந்து மாறி
பத்து நிமிடம் முன்னதாகவே வந்து
முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு காத்திருந்தாள்.

"நம்மில் ஒருவராவது
பேருந்தில் ஏறினவராக இருக்கட்டுமே" என்றாள் வல்டெலிசி.
"பதின்மூன்று மதிப்பெண்" என்றார் ஜுராந்திர்.
மேசையில் விரலால் தட்டி மறுபடியும், "பதின்மூன்று.
பாலம் கட்டுகிறவனிடம்
எந்தத் தெருவில் பிறந்தாய் என்றா கேட்பாய்?"

நான் பேசவில்லை.
ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகம் போனவன் நான்.
முதல் வருடம் முழுக்க
என் சரியான விடைகளையும் இரண்டு முறை திருத்தினார்கள்.
வாயைத் திறந்தால்
எனக்காகப் பேசுகிறேன் என்பார்கள்.
மூடிக்கொண்டால்,
மறந்துவிட்டாய் என்பாள் என் தங்கை.

ஒடிலோனிடம் கேட்டோம்:
உச்ச நேரத்தில் ஒரு தடத்துக்கு எத்தனை வண்டி?
எடிலேனியிடம் கேட்டோம்:
மேட்டில் வாழ்க்கை எப்படி?
மழை வந்தால் மண் சரியுமா, பயமாக இருக்குமா?
அம்மா என்ன வேலை பார்க்கிறார்?

கனிவாகத்தான் கேட்டோம்.
எங்கள் கனிவு எங்களுக்கே பிடித்திருந்தது.

அவள் நனைந்த கால்சட்டையை ஒருமுறை பிழிந்தாள்.
"இதெல்லாம் விண்ணப்பத்தில்
முகவரி என்ற கட்டத்திலேயே இருக்கிறது.
நான் கணக்குப் போட வந்தேன்.
மற்றவர்களிடம் கேட்பதை என்னிடமும் கேளுங்கள்.
தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லுங்கள்."

கேட்டோம்.
பலகையில் போட்டாள். ஓரிடத்தில் தப்பு.
தானே பார்த்து முழங்கையால் அழித்தாள்.
போட்டு முடித்துத் திரும்பி நின்று:
"உங்கள் கணக்கில்
பயணம் எங்கே தொடங்குகிறது?"

"நிறுத்தத்தில்."

"எங்கள் தெருவிலிருந்து நிறுத்தத்துக்கு
நூற்று அறுபத்தெட்டுப் படி.
இடுப்பில் பிள்ளை இருந்தால் பதினேழு நிமிடம்.
அந்தப் பதினேழை எந்த வரியில் எழுதுவீர்கள்?"

ஜுராந்திர் பேனாவை எடுத்தார், வைத்தார்.
இது பின்னணியா, தகுதியா?
எங்கள் தாளில் இரண்டும் இரண்டு பக்கம்.

அன்றிரவு வினாத்தாளைப் பிரித்து வைத்துப் பார்த்தேன்.
எழுதினவர்கள் நாங்கள் ஐவர்.
எங்கள் ஐவருக்கும் தெரியாத ஒன்றுகூட
அதில் இல்லை.

மறுநாள் வாயைத் திறந்தேன். மூன்றுக்கு இரண்டு.
ஜுராந்திர் ஒரு வாரம் என்னோடு காபி குடிக்கவில்லை.

ஒடிலோனுக்குக் கடிதம் நான்தான் எழுதினேன்.
"உங்கள் தகுதியில் எந்தக் குறையும் இல்லை" என்ற வரியை
நான்கு முறை அடித்து எழுதியும்
அது பொய்போலவே இருந்தது.
உண்மைதான், ஆனாலும்.

ஜூலையில் கடல் ஏறிய நாளில்
மழையும் சேர்ந்துகொண்டது.
மூன்று நிறுத்தங்கள் மூழ்கின,
கூரை மட்டும் தெரிந்தது.
நேர்காணலில் ஒடிலோன்
எங்கள் ஓத அட்டவணையில் ஒரு பிழை காட்டி
பென்சிலால் வட்டமிட்டானே,
அதே மூன்று.

ஆறாவது நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள் எடிலேனி.
"அந்தத் தாள் எங்கே?"

என் இழுப்பறையில் இருந்தது.
ஏன் வைத்திருந்தேன் என்று அவள் கேட்கவில்லை.
விளக்கின் கீழே விரித்து
அவன் பென்சில் வட்டங்களிலிருந்து
தன் படிகளுக்கு
ஒரு கோடு இழுக்கத் தொடங்கினாள்.