கனத்த சுவர்

வெளியே அளந்தால் ஒன்பது மீட்டர் நாற்பது.
உள்ளே அளந்து, இருபுறச் சுவரையும் கூட்டினால்
எட்டு மீட்டர் எண்பத்தைந்து.
ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்
எங்கோ போயிருந்தது.

நாடாவின் மறுமுனையில் ஷாஸ்லி.
மறுபடி இழுத்தான், மறுபடியும்.
மூன்றாம் முறை மணல் புகுந்து
நாடா சுருள மறுத்தது.

கெய்ரோவிலிருந்து பலகையும் பென்சில்களும்
ஆறு வாரத்து அவரையுமாகப் படகில் வந்தவன் நான்.
நூபியாவின் மேற்குக் கரையில் அதுவரை முப்பத்தொரு வீடுகள்:
சாரம் கட்டாமல் ஒன்றன்மேலொன்று சாய்ந்தே எழும்
பச்சைச் செங்கல் வளைவுகள்,
வாசலுக்கு மேல் பாடம் செய்த முதலை,
பூச்சில் பதித்த பீங்கான் தட்டுகள்
(ஒன்றில் ஏதோ கப்பல் கம்பெனியின் நங்கூரம்).
எதிலும் கணக்குத் தப்பியதில்லை.

கீழே அஸ்வானில் அணை உயர்ந்துகொண்டிருந்தது.
எங்களுக்கும் சுவர்களுக்கும்
அடுத்த கோடைவரை தவணை.

நப்ரா மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.
"வீடு சரியாகத்தான் இருக்கிறது" என்றாள்,
"உங்கள் நாடாதான் எதையோ தின்றுவிட்டது."

கல்யாண அறையின் மேற்குச் சுவரை
விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
மண் மண்ணாகவே பதில் சொன்னது,
நீலத் தட்டு பதித்த இடம்வரை.
அங்கே
வெறுங்குடத்தின் குரல்.

சல்லடையைக் கீழே வைத்தாள்.
ஷாஸ்லியை ஆற்றுக்கு அனுப்பினாள், தண்ணீர் கொண்டுவர.
பானை நிறையத் தண்ணீர் இருந்தது.
"அலெக்ஸாந்திரியாவில் சமைக்கிறான் என் புருஷன்.
பதினாலு வருஷம். கடிதம் வரும், மணியார்டர் வரும்.
இந்த வீட்டில் அவனுக்குத் தெரியாதது
ஒரு முழம்தான்."
பிறகு மாவைச் சலிக்கத் தொடங்கிவிட்டாள்.

காசா, காகிதமா, ஒரு சிறு சட்டையா,
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வரைய வேண்டி வந்திருக்கும்.

அன்றிரவு அரிக்கேன் விளக்கடியில்
அந்தச் சுவரை மைதீட்டி நிரப்பினேன்,
முழுக்க மண் என்று.
குறுக்குவெட்டிலும் அதே பொய்,
ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில்,
பிசகில்லாமல்.

அவள் கப்பலேறிய நாளில் நான் வேறு ஊரில்.
தட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டாளா,
ஆற்றிடமே விட்டுப் போனாளா, தெரியாது.
தண்ணீர் வந்தது.
சுவர் எதுவும் சொல்லாமல் கரைந்தது.

நேற்று ஒரு கடிதம். ஆராய்ச்சி செய்கிற பெண்.
என் முப்பத்திரண்டாவது தாளைப் பெரிதாக்கி,
மேற்குச் சுவர் மட்டும் இவ்வளவு கனமாக இருப்பது
பிற்பகல் வெயிலுக்கு நூபியர் கண்ட உத்தி என்கிறாள்.
நான்கு பக்கம், அட்டவணையோடு.
சரிதானா ஐயா என்று கேட்கிறாள்.

பதில் எழுத உட்கார்ந்தவன்
அவள் வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வெயிலுக்குச் சிவப்பு அம்புகள்.
சுவர்வரை வருகின்றன, மோதுகின்றன, மடங்கித் திரும்புகின்றன.
ஒன்றுகூட
உள்ளே போகவில்லை.