டெட் கிலோமீட்டர்

மூக்கைக் கிளிப் போட்டு மூடினேன். வாயில் குழாய்.
பல்லால் கடிக்காதீங்க, உதட்டால் பிடிங்க,
சும்மா மூச்சு விடுங்க, யாரும் பார்க்காத மாதிரி.
தனகோட்டிக்கு அதுதான் வரவில்லை.
இருபத்திரண்டு வருஷமாக ஊரே கேட்கும் மூச்சு:
கடலூர்–பாண்டி தனியார் பஸ், பின்படிக்கட்டு, விசில்.

மஞ்சக்குப்பத்தில் மாடி அறை.
ஜன்னலைத் திறந்தால் கெடிலத்துச் சேறு மணக்கும்,
மூடினால் ஸ்பிரிட்.
எக்ஸ்ரே சுத்தம். ஊதிப் பார்த்த சோதனையிலும் பாஸ்.
ஆஸ்துமா என்று மூன்று மாதம் உறிஞ்சிய மருந்து
பையில் நான்கு டப்பா.
ரெட்டிச்சாவடி வர்றதுக்குள்ள இளைக்குது மேடம்,
சில்லறை எண்ணும்போதே இளைக்குது.

திரையில் மூச்சுக்கு ஒரு மேடு எழுந்தது.
மேட்டுக்கு முன்னால் கொஞ்சம் சமதரை.
அங்கேதான் தொடங்குகிறது கணக்கு என்றேன்.
இழுக்கும் காற்றில் ஒரு பங்கு
தொண்டையிலும் கிளைக்குழாய்களிலும் நின்றுவிட்டு
ரத்தத்தைப் பார்க்காமலே திரும்பிவிடும்.
எல்லாருக்கும் உண்டு, எனக்கும்.
நாங்கள் அதைச் செத்த இடம் என்போம்.

குழாயை எடுத்துவிட்டுச் சிரித்தார்.
"எங்க கணக்குல டெட் கிலோமீட்டர்.
ஷெட்டுலேருந்து ஸ்டாண்டு வரைக்கும்
டீசல் எரியும், டிக்கெட் கிடையாது."
பேசாதீங்க. மறுபடி முதலிலிருந்து.

மணிக்கட்டில் குத்தி எடுத்த ரத்தத்தில் முப்பத்தெட்டு.
பையில் பிடித்த மூச்சில் பதினேழரை.
கழித்தேன், வகுத்தேன்.
நூற்றுக்கு ஐம்பத்து நான்கு.
என் குழாய் திருடிய இடத்தைத் தள்ளினாலும்
ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை.
முப்பது என்றால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்:
"ஷெட்டு தூரம் கூடிடுச்சா?"
இல்லை, ஷெட் அதே இடத்தில்தான்.
பஸ் ரோட்டில்தான் ஓடுகிறது,
கன்னியகோயிலில் நிற்கிறது, கிருமாம்பாக்கத்தில் நிற்கிறது.
ஏறத்தான் ஆளில்லை.

"அப்ப ஆளு வர்ற வழியை எவனோ அடைச்சிருக்கான்."

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன்.
சித்திரையில் படியிலிருந்து விழுந்து
ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்த இடது கால்.
வலது செருப்பு தொளதொளத்தது;
இடது செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது.

டாக்டர் மெஹருன்னிசா போனில் இரண்டே வாக்கியம்:
ஸ்கேனுக்கு இப்பவே. நடக்க விடாதே.
மெட்டல் எதுவும் கூடாது என்றதும்
கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி
என் மேஜையில் வைத்தார். தொலைச்சிடாதீங்க.
வீல்சேர் லிஃப்டுக்குள் திரும்பியது.

மூக்கு கிளிப்புகளுக்கு நடுவே கிடக்கிறது,
எச்சில் காயாமல்.
ஒன்பது வருஷமாக இந்த எண்ணை எழுதுகிறேன்,
இன்றுதான் உறைக்கிறது:
ஊதும்போது முதலில் வெளியே வருவது
உள்ளே போய்ச் சேராத அந்தக் காற்று.
வீண் என்று நான் குறிக்கும் நூற்றைம்பது மில்லியில்
தவளக்குப்பத்தில் பஸ் நின்றது,
பால் கேனை இறக்கும்வரை நின்றது,
பிறகு கிளம்பியது.

அடுத்தவர் கதவைத் தட்டுகிறார்.
குழாய் மாற்ற வேண்டும்.
லிஃப்ட் இன்னும் கீழேதான் காட்டுகிறது.