வழுக்கை

முதலில் சொறி என்றுதான் நினைத்தோம்.
ஜாஹேயின் உச்சந்தலையில்
புளியங்கொட்டை அளவுக்கு முடி கொட்டியிருந்தது.
டாக்டர் ருக்மி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துச் சிரித்தார்.
"நோயில்லை. வயசுக்கு வந்துவிட்டான்.
அதுதான் இனி இவன் முகவரி.
போகிற இடமெல்லாம் தேய்த்துவிட்டுப் போவான்."

தேய்த்தான்.
தொங்கும் துணிப்பையில், கம்பியில், பப்பாளித் துண்டில்,
என் மணிக்கட்டில்,
எல்லாவற்றையும்விடக் கெமிரியின் நெஞ்சில்.
வீடு முழுக்கக் கனிந்து கெட்ட பழத்தின் வாடை.
வெனிங் ஜன்னலைத் திறந்தாள்.
மாலாங் மலைக்காற்று வந்தது.
வாடை போகவில்லை.

சுகர் கிளைடர் குட்டி ஒன்றை விற்றால்
மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு தவணை.
இரட்டை என்றால் நான்கு.
என் நகல் கடையில் பாழான தாள்களைத் தைத்து
வெனிங் நோட்டுப் போட்டாள்:
முன்பக்கம் யாரோ ஒருவரின் ஆய்வேடு,
பின்பக்கம் கெமிரியின் இரவுகள்.

அவளுக்குக் கருப்பை இரண்டாம்.
அவனுக்கும் அதற்கேற்பக் கவர்விட்ட உறுப்பாம்.
டாக்டர் ரசீதின் முதுகில் வரைந்து காட்டினார்.
வெனிங் குனிந்து பார்த்தாள்.
நான் மீன்தொட்டியைப் பார்த்தேன்.

இருபத்தொன்பது நாளுக்கு ஒருமுறை வரும் இரவு அது.
கெமிரி நாய்க்குட்டிபோல் குரைத்தாள்.
பக்கத்து அறை மாணவன் சுவரைத் தட்டினான்.
காதல் என்று எழுதக் கை வரவில்லை எனக்கு.
பிடரியைப் பல்லால் கவ்வினான் அவன்.
சீறினாள், அறைந்தாள், விலகி ஓடினாள்,
தானே திரும்பி வந்து
அவன் வழுக்கையை முகர்ந்தாள்.
விடியும்போது இருவரும் ஒரே பைக்குள்,
எது யார் வால் என்று தெரியாமல்.

பதினாறு நாள்.
பிறப்பதை நாங்கள் பார்க்கவில்லை.
குருணையளவு உயிர்,
கண் திறக்காமல், கால் என்று சொல்ல ஏதுமில்லாமல்,
ரோமத்தைப் பற்றி ஏறி
வயிற்றுப் பைக்குள் தானே போய்ச் சேருமாம்.
நமக்குத் தெரிவது, சில நாள் கழித்து, ஒரு புடைப்பு.
பிறகு ஒரு வேர்க்கடலை.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
கெமிரி தாவுவதைக் குறைத்துக்கொண்டாள்.

நான்தான்.
பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அரிப்பு.
துணிப்பையின் வாயை விரித்துக்
கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தேன்.
இரண்டு கண்கள், முழுக்கக் கறுப்பு.
அவள் கத்தவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.
காலையில் வயிறு தட்டை.
துணியில் ஒரு பழுப்புத் துளி.
வெனிங் எதுவும் கேட்கவில்லை.
தேதிக்கு எதிரே பென்சிலால் கோடு போட்டாள்,
தாள் கிழிகிற அழுத்தத்தில்.

அடுத்த முறை கூண்டின்மேல் தடித்த சாரோங்.
எழுபது நாள் நான் அந்த அறையில் தும்மவில்லை.
ஒரு பின்னிரவில் கெமிரி தின்னப் போயிருந்தாள்.
ஜாஹே கூன்போட்டுப் படுத்திருந்தான்,
அவன் வயிற்றுக்கடியில் இளஞ்சிவப்பாய் ஒரு சுருக்கம்.
அதன் காதை அவன் நக்கிக்கொண்டிருந்தான்.

முன்பணம் கொடுத்த பெண் சின்னதாய் ஒரு கேள்வி கேட்டாள்:
"தாயும் தகப்பனும் எந்தெந்த வழி?"
எங்களுக்கு விற்ற ஹெங்கியைக் கூப்பிட்டோம்.
"ஒரே பெட்டி, மாஸ். சோரோங்கிலிருந்து கப்பலில் வந்தது.
ஒரே பொந்தாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
யார் பார்த்தது?"

இருநூறு பக்கம் எழுதியிருந்தாள் வெனிங்.
எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

முன்பணம் திரும்பிப் போனது.
ஜாஹே டாக்டர் ருக்மியிடம் போய்
இரண்டு தையலோடு வந்தான்.
வண்டியை நிதிக்காரர்கள் எடுத்துப்போனார்கள்.
குட்டிக்கு வெனிங் வைத்த பெயர் சிசிலான்.
எங்கள் பேச்சில் தவணை என்று பொருள்.
என் சட்டைப்பையில் தூங்கிக்கொண்டே கடைக்கு வருகிறது,
நடந்துதான்.

ஜாஹேயின் தலையில் இப்போது முடி முளைக்கிறது,
சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாய்.
இரவில் கெமிரி அங்கே மூக்கை வைக்கிறாள்.
நெடுநேரம் வைத்திருக்கிறாள்.
பிறகு பைக்குள் போய்
ஓரமாய் ஒதுங்கிப் படுக்கிறாள்,
அவனுக்கும் இடம் விட்டு.