வெடி மீன்

முள்ளில் கத்தி பட்டதும் தெரிந்துவிடும்.
வலையில் சிக்கிய பாரைக்கு முதுகெலும்பு நேர்,
கத்தி அதன்மேல் சைக்கிள் போல ஓடும்.
வெடியில் செத்ததென்றால்
நடுவில் ஓரிடத்தில் இடறும்.
உள்ளே காற்றுப்பை கிழிந்து
கறுத்த இரத்தம், கழுவக் கழுவ வரும்.

திருக்கோணமலைச் சந்தையில், கடைசி மேசையில்,
பதினொரு வருடமாக மீன் வெட்டுகிறேன்.
இது எப்படிச் செத்ததென்று
ஒருவரும் கேட்டதில்லை.
துண்டு பெரிசா சின்னனா, அதைத்தான் கேட்பார்கள்.

டெஸ்மனின் மீன் அது.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.
ஞாயிறு தோறும் என் பெட்டியில்
ஒரு விளைமீன் கூடுதலாகக் கிடக்கும்.
நான் அதை ஆக்கித் தின்றேன்.
இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லக் கூடாது.

அறிவியுங்கள் என்கிறது சந்தைச் சுவரில் பலகை,
மூன்று மொழியில், கீழே ஒரு நம்பர்.
எங்கள் ஆட்களிடம் அதற்கு அந்தச் சொல் இல்லை.
காட்டிக்கொடுப்பது. அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதில்
பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் வரிசையில் விட்டார்கள்.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை.
அண்ணா முன்னால் வந்தபோது
சாக்கு மேலும் கீழும் ஆடியது.
அதற்குப் பிறகு எந்தத் தலை ஆடினாலும்,
பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் தலை என்றாலும்,
எனக்கு வயிறு இழுக்கும்.

ஆகவே வாயை மூடினேன்.
டெஸ்மனுக்கு வள்ளக் கடன் இருக்கிறது என்றேன்.
கடற்படைக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்றேன்.
புறாமலைப் பக்கம் பவளப்பாறை
நொறுங்கி மாவாகக் கிடக்கிறதென்று
சுழியோடுகிற முஸம்மில் வந்து சொன்னான்.
பாறை வந்து என்னிடம் முறையிடட்டும் என்று சிரித்தேன்.
அந்தச் சிரிப்பும் என்னுடையதுதான்.

போன செவ்வாய், விடிய நாலரை.
பெட்டி இறக்க வந்தது டெஸ்மன் இல்லை,
அவன் மகன் நிதுர்ஷன். எட்டாம் வகுப்பு.
மீன் மணத்துக்கு மேலால் இன்னொரு மணம்.
இடப்பக்கப் புருவம் பாதி கருகியிருந்தது.
"அன்ரி, நான்தான் திரி கொளுத்தினன்.
அப்பாவுக்கு இப்ப கை நடுங்குது."
கணக்கில் நூறு எடுத்தவன் சொல்வது போலச் சொன்னான்.
அவன் விரல்களை எண்ணினேன். பத்து.
திரும்பவும் எண்ணினேன்.
வாசலில் மான் ஒன்று
நனைந்த மட்டைப் பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது.

பின்னேரம் மனையாவெளிக்குப் போய்
பெடியனைக் கூட்டிப் போகாதே என்றேன்.
டெஸ்மன் நிலத்தைப் பார்த்து, "இனி இல்லை" என்றான்.
தேத்தண்ணி தந்தான். குடித்தேன்.

ஞாயிறு என் பெட்டியில்
விளைமீன் இரண்டு கிடந்தது.

அதுதான் என்னை உலுக்கியது, நீதி அல்ல.
என் வாய்க்கு விலை ஏறியிருக்கிறது என்றால்
அவன் மகன் இன்னும் போகிறான்.

சாக்குக்குள் இருந்தவனுக்கும் எனக்கும்
என்ன வித்தியாசம் என்று மூன்று இரவு கேட்டேன்.
அவன் கழுத்தில் துவக்கு இருந்திருக்கலாம்,
என் கழுத்தில் இல்லை.
அப்படிப் பார்த்தால் நான் அவனிலும் மோசம்.
அவனுக்கு முகம் இருக்கவில்லை.
இதற்குமேல் விடை வரவில்லை.
வரும்வரை காத்திருக்க
அந்தப் பத்து விரலுக்கும் நேரம் இருக்குமோ தெரியாது.

இன்று கத்தியைக் கழுவி வைத்துவிட்டு
பலகை நம்பரை அடித்தேன்.
"கியன்ன" என்றது ஒரு குரல்.
என் மூச்சைக் கேட்டோ என்னவோ
பிறகு "சொல்லுங்க" என்றது.
முதலில் என் பெயரைச் சொன்னேன்,
அப்பாவின் பெயரோடு, மேசை நம்பரோடு.
"பெயர் தேவையில்லை அம்மா."
எனக்குத் தேவை என்றேன்.

பேசி முடியும்வரை
தலையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தேன்,
அசையாமல்.