நில வகை

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: நில வகை.
நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு.
எதிலாவது ஒன்றில் குறி போடச் சொல்கிறது.

நான் நிற்பது செட்டிச்சாவடி தாண்டி,
வெள்ளைக்கல் தோண்டிய பள்ளங்களுக்கு நடுவே
ஏனோ தோண்டாமல் விட்டுவைத்த ஒரு பரப்பில்.
சங்கிலியின் மறுமுனையில் கரியராமன்.
நாகலூரிலிருந்து முதல் பஸ்சில் இறங்கி வருகிறவர்
இப்போது பேனா மூடி அளவுக்குத் தெரிகிறார்.
"அங்க என்னண்ணே இருக்கு?"
கத்தியதில் பாதியைக் காற்று தின்றது.
பதிலில் மிஞ்சியது இரண்டெழுத்து:
"வெளி."

மதியம் லாரி நிழலில்
டப்பாவைத் திறந்தபடி
அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.
வெள் என்று ஒரு வேர்.
வெள்ளை அதில். வெளிச்சம் அதில்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் என் அக்கா
கொலுசுக்குப் பற்றவைக்கும் வெள்ளியும் அதில்.
தயிர்சோற்றில் வந்து விழும் இந்தத் தூசுகூட.
அப்படியென்றால் காலி இடம் இல்லை அது,
ஒளியை யாரும் மறிக்காத இடம்.

சொன்னதும் கரியராமன் சிரித்தார்.
"மேல காப்பிக்காட்டுக்குள்ள நடந்து பாரும்மா.
நெழலு, நெழலு, அட்டை, மறுபடி நெழலு.
திடீர்னு ஒரு பாறை. மரமே இருக்காது.
கண்ணு கூசும்.
அதுக்குத்தான் ஒரு பேரு வேணும்.
இங்க பொறந்தவனுக்கு எதுக்கு?"

உறைத்தது. சமவெளிக்காரி நான்,
அது எங்கள் சொல் என்றே இருந்துவிட்டேன்.
காட்டுக்குள் பிறந்திருக்கலாம்,
கண் கூசிய எவளோ ஒருத்தியின் வாயில்.
இதை அளந்து காட்ட என்னிடம் சங்கிலி இல்லை.

எங்கள் தெருவில் அதற்கு வேறொரு அவசரமும் உண்டு.
இருட்டு கலையுமுன் சொம்போடு போனால்
வெளிக்குப் போவது.
கிழக்கு வெளுத்துவிட்டால் பெண்களுக்கு அதுவும் கிடையாது,
அந்தி வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும்.
வெளிச்சம் வந்தால் வெளி இல்லை.
வேர் தெரிந்த யாராவது இதற்கு
ஒரு விளக்கம் சொல்லட்டும்.

எந்தக் கட்டத்திலும் குறி போடவில்லை.
குறிப்பு என்ற இடத்தில்
நீல மையில் எழுதினேன்: வெளி.

பதினெட்டு நாளில் கணினியில் ஏறி அச்சாகி வந்தது.
தட்டச்சுப் பையன்மேல் தப்பில்லை,
என் கையெழுத்து அப்படி.
ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகி,
ளகரம் லகரமாய் இளைத்து,
நில வகை: வேலி.

"யார் போட்ட வேலி?" என்றார் தாசில்தார்.

கரியராமனிடம் சொன்னேன்.
அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே மேலே பார்த்தார்.
சேர்வராயன் மலையில் மேகம் இறங்கி
ஒரு வளைவுகூடத் தெரியவில்லை.
"கடைசி பஸ்சு ஆறேகாலுக்கு" என்றார்.