பச்சைத் துணிக்கு அடியில் ஒரு கை

குத்தாயிசி கண் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
எனக்கு ஒரே வேலை: கை பிடிப்பது.
சம்பளப் பட்டியலில் வேறு பெயர் போட்டிருக்கிறார்கள்,
உதவியாளர், மூன்றாம் நிலை.
மருத்துவர் ஏத்தெரி புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும்
அந்தப் பதினைந்து நிமிடம்
முகமெல்லாம் பச்சைத் துணி,
ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை.
ஆள் விழித்தே இருப்பார். பேசக்கூடாது.
தலை அசையக்கூடாது.
மிச்சம் இருப்பது கை.

ஒரு அழுத்தம்: இருமல் வருகிறது.
இரண்டு: வலிக்கிறது.
இவ்வளவுதான் எங்கள் இலக்கணம்.

ஆறு வருடத்தில் முகங்கள் நினைவில்லை.
ரொட்டிக் கடைக்காரியின் மணிக்கட்டில் அடுப்புத் தழும்பு.
மாட்டுத் தொடையைத் தோளில் சுமக்கும் கசாப்புக்காரர்
என் சுண்டுவிரலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.
பள்ளி ஆசிரியை ஒருத்தி நகத்தால் கீறிவிட்டு
மறுநாள் அக்ரூட் ஜாம் கொண்டுவந்தாள்.
கீறல் ஆறிவிட்டது; ஜாம் இன்னும் பாதி இருக்கிறது.

"ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்வதில்லை.
ஆரம்பத்தில் சொன்னேன்.
சொன்ன உடனே நாடி ஓட்டமெடுக்கும்:
ஆகக்கூடியது எது என்று
அப்போதுதான் தேடத் தொடங்குவார்கள்.
இப்போது, வரப்போவதை வருமுன் சொல்கிறேன்.
காதோரம் சில்லென்று வழியும், அது தண்ணீர்தான்.
இயந்திரம் கொசு போல ரீங்கரிக்கும், பிறகு குரல் மாற்றும்.
வெளிச்சம் உடைந்து நீலமாகும், சிலருக்கு ரோஜா நிறம்.
இன்னும் பாதி. இன்னும் கால்வாசி.
கால்வாசி என்ற சொல்லுக்குக் கை தளர்வதுபோல்
எந்த மாத்திரைக்கும் தளர்ந்து நான் பார்த்ததில்லை.

மார்ச்சில், சேறும் பனியுமாக ஒரு செவ்வாய்,
சியத்துராவிலிருந்து வார்லாம் வந்தார்.
மாங்கனீசு சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும்
கம்பிவடப் பெட்டியில் முப்பத்தோரு வருடம்
கதவோரம் நின்றவர்.
படுத்ததும் கேட்டார்: கதவு எந்தப் பக்கம்?
இடது கால்மாட்டில், என்றேன். பூட்டவில்லை.
சரி என்று வாயை மூடிக்கொண்டார்.

நடுவில், உறிஞ்சும் சத்தம் உச்சியில் இருக்கையில்,
மூன்று அழுத்தம்.
மூன்றுக்கு எங்களிடம் பொருள் இல்லை.
ஏத்தெரியின் கண் நுண்ணோக்கியில்.
நிறுத்தச் சொல்லவா?
இருமலும் வலியும் சேர்ந்தே வந்துவிட்டதா?
ஒன்றையும் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன்,
கணக்கு என்னைப் பயமுறுத்தியது.
வேறெதுவும் தோன்றாமல்
நானும் மூன்று முறை அழுத்தினேன்.
மரத்தில் சாய்த்த ஏணி போலக் கை ஓய்ந்தது.

பிறகு, பிளாஸ்டிக் மூடி ஒட்டிய கண்ணோடு
தேநீர் குடிக்கையில் சொன்னார்:
மூடுபனியில் எதிர்ப்பக்க நிலையம் தெரியாது.
ஆள் இருக்கிறாயா என்று மூன்று மணி அடிப்போம்.
அங்கிருந்து மூன்று வந்தால்தான் பெட்டி நகரும்.
உனக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.
சர்க்கரை போட்டுக் கலக்கினேன்.
எனக்குச் சர்க்கரை ஆகாது.

ஏப்ரலில் மற்ற கண்.
இம்முறை கதவைப் பற்றிக் கேட்கவில்லை.
ஏழாவது நிமிடம் கை கனத்தது, விரல்கள் பிரிந்தன.
நான் மூன்று அழுத்தினேன்.
பதில் இல்லை.
மறுபடி மூன்று.
இல்லை.
என் நாடி என் காதிலேயே கேட்டது.
அப்புறம்
துணிக்கு அடியிலிருந்து குறட்டை.

ஏத்தெரி கருவியை நிறுத்தினார்: எழுப்பு.
திடுக்கிட்டால் கண் போச்சு.

உள்ளங்கையில் என் கட்டைவிரலை
மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நகர்த்தினேன்,
பெட்டியொன்று நிலையத்தை நெருங்கும் வேகத்தில்.
விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
ஒரு அழுத்தம்.

இருமலா? என்றேன்.
அசைவில்லை. இருமலும் வரவில்லை.
அப்புறம் கேட்டதற்கு
சும்மாதான் என்றார்.